மீட்டர் சொன்னதைக் கேளுங்கள்!

மாணவச் செல்வங்களே... கடலுக்கடியில் எண்ணெய்க் கிணறு தோண்டும்போது, எரிவாயு பீறிட்டு வராமல் தடுக்க, கிணற்றின் வாயில் ராட்சத வால்வு ஒன்றைப் பொருத்துவர். ஆபத்து என்றால், அது குழாயை வெட்டி, கிணற்றை மூட வேண்டும்.

மெக்சிகோ வளைகுடாவில், 'டீப்வாட்டர் ஹொரைசன்' என்ற மிதக்கும் மேடையில் இருந்து தோண்டிய கிணற்றிலும் அது இருந்தது. 2010, ஏப்ரல் 20ல், கிணற்றின் அடியில் போட்ட சிமென்ட் அடைப்பு தாங்குகிறதா என்று சோதித்தனர். தாங்கினால், குழாயில் அழுத்தம் பூஜ்யமாக நிற்க வேண்டும். ஆனால், குறைக்கக் குறைக்க மீண்டும் ஏறியது. இன்னொரு குழாயின் மீட்டர் பூஜ்யம் காட்டவே, 'எல்லாம் சரி' என்று வேலையைத் தொடர்ந்தனர்.

அன்றிரவே வாயு பீறிட்டு, வெடித்தது. 11 பேர் இறந்தனர். வால்வாலும் கிணற்றை மூட முடியவில்லை. கடலில், 87 நாட்கள் எண்ணெய் கொட்டியது.

வால்வு கைவிட்டது உண்மை தான். ஆனால், அது கடைசிக் காவல். முதல் எச்சரிக்கையை மீட்டர் முன்பே தந்துவிட்டதே! இரண்டு மீட்டர் இரண்டு விதமாகச் சொன்னால், காரணம் தெரியும் வரை வேலையை நிறுத்துவது தான் முறை என்பது என் கருத்து.

ஆய்வுக்கூடத்தில் விடை ஒத்து வராவிட்டால், பக்கத்து நண்பனின் விடையை எழுதிக்கொள்ளும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கம் வேண்டாம் செல்லங்களே... மறுபடியும் செய்து பாருங்கள்!