பெயர்ப் பலகை மாறினால் போதுமா?

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றைப் பல்கலைக்கழகமாக உயர்த்தலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் நிலம், கட்டடம், நிதி என்றே கணக்குப் போடுகிறார்கள். கஞ்சிக்கோட்டில் பிள்ளைகளை வளர்த்த தமிழனாகிய என் கணக்கு வேறு.

மலேசியாவில் தஞ்சோங் மாலிம் என்ற ஊரில், மலாய்ப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை உருவாக்க 1922-இல் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1924-இலேயே மொழிபெயர்ப்புப் பிரிவு அங்கு வந்து, மலாய் மொழியில் பாடநூல்களை ஆக்கியது. அக்கல்லூரி பல்கலைக்கழகமானதோ 1997-இல்! பட்டம் வழங்கும் உரிமை கிடைப்பதற்கு வெகு காலம் முன்பே, தன் மக்களுக்கு வேண்டிய நூலைத் தானே எழுதும் இடமாக அது இருந்தது. தகுதி என்று நான் சொல்வது இதைத்தான்.

தமிழ்நாடு வேறு வழியில் சென்றது. 1856-இல் வேர் விட்ட சைதாப்பேட்டைக் கல்லூரி கல்லூரியாகவே இருக்க, 2008-இல் தனிச் சட்டத்தால் ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் உருவாயிற்று. பி.எட். கல்லூரிகளை இணைத்து, தேர்வு நடத்தி, பட்டம் வழங்குகிறது. அதுவும் தேவைதான். ஆனால் தேர்வு நடத்துவதோடு ஒரு பல்கலைக்கழகத்தின் கடமை முடிந்துவிடுமா?

இந்தக் கேள்வி நம் வாசலுக்கும் வருகிறது. தனித்து இயங்கும் ஆசிரியர் கல்வி நிறுவனங்கள் 2030-க்குள் பல துறை நிறுவனங்களாக மாற வேண்டும் என்கிறது 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை. சித்தூர், தேவிகுளம், பீருமேடு வட்டாரங்களில் தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. அங்கே பாடம் நடத்துபவர் கேரளப் பாடத்திட்டத்தைத் தமிழில் விளக்க வேண்டும். அலுவலக வேலைக்கு மலையாளமும் அறிந்திருக்க வேண்டும். இப்படிப்பட்டவர் எளிதில் கிடைப்பதில்லை. என் மகள் எட்டாம் வகுப்பில் ஒரு பருவம் முழுவதும் கணக்கு ஆசிரியர் இல்லாமலே படித்தாள்.

ஆகவே, உயர்வு கோரும் எந்தக் கல்லூரியிடமும் நான் மூன்று கேள்விகள் கேட்பேன். பாடநூல் எழுதும் ஆற்றல் உண்டா? அதன் மாணவர்கள் பக்கத்துப் பள்ளிகளில் மாதக்கணக்கில் பாடம் நடத்திப் பழகுகிறார்களா? சிறுபான்மை மொழிக் குழந்தைக்கு ஆசிரியரைத் தருமா? மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால், பெயர்ப் பலகை மாறியும் நமக்குப் பயனில்லை.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். மாற்றங்கள் முடிவாகும் முன்னரே, பெற்றோரும் நம் சங்கமும் இதைக் கேட்டாக வேண்டும்.