முத்திரையை விடுங்கள், தட்டைத் திருப்பிப் பாருங்கள்



நீளமான பதிவுதான். வகுப்பில் விட்டது போல் கொட்டாவி விட்டுக்கொண்டாவது படித்து முடியுங்கள்.

பிரான்சில் இருக்கும் நம் காரைக்கால் பிள்ளைகள் பலர் ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தையில் கெம்பேர் தட்டு வாங்குகிறார்கள். நல்ல பழக்கம். ஆனால் வாங்கியதும் தட்டைக் கவிழ்த்து, அடியில் இருக்கும் எழுத்தைப் படம் பிடித்து, "டீச்சர், எவ்வளவு போகும்?" என்று கேட்கிறீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தட்டின் முகத்தை ஒருவர்கூட அனுப்புவதில்லை.

கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. ரென் நகரில் இருக்கும் என் தங்கை மகளுக்கு, அவள் குடியிருந்த வீட்டுக்காரப் பாட்டி எட்டுத் தட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போனார். பழம்பொருள் வியாபாரி ஒருவர் வந்தார். முத்திரை இருந்த மூன்றுக்குக் காசு கொடுத்தார். மற்ற ஐந்தும் "எழுத்தில்லாத வெறும் தட்டு" என்று சொல்லி இனாமாகவே எடுத்துக்கொண்டு போய்விட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கெம்பேரில் செய்த பழைய தட்டுகளில் முத்திரையே இல்லாதவை ஏராளம். இது அந்த வியாபாரிக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். நமக்குத் தெரியாது என்பதும் அவருக்குத் தெரியும்.

முத்திரை ஒன்றும் சொல்லாது என்று நான் சொல்லவில்லை. எச்.ஆர். என்று இருந்தால் ஆன்ரியோ பட்டறை. அது தங்கள் எழுத்தைப் போலவே இருக்கிறது என்று எச்.பி. பட்டறைக்காரர்கள் வழக்குப் போட, 1922இலிருந்து 'ஆன்ரியோ' என்று முழுப்பெயரையே எழுதினார்கள். 1968இல் இரண்டும் ஒன்றாகிவிட்டன. 'பிரான்ஸ்' என்ற சொல் இருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது, ஏனென்றால் அமெரிக்கச் சட்டம் அப்போதுதான் நாட்டின் பெயரைக் கேட்டது. ஆனால் அந்தச் சொல் இல்லாததாலேயே தட்டு அதற்கு முந்தியது ஆகிவிடாது. உள்ளூரில் விற்பதற்கு யார் நாட்டின் பெயரை எழுதுவார்கள்? இந்தத் தலைகீழ்க் கணக்கைத்தான் பாதிப்பேர் போடுகிறீர்கள்.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். மாலிகோர்ன் என்ற வேறொரு ஊரில் பூப்லார் என்பவர் பி, பி, பக்கத்தில் ஒரு சின்ன எக்ஸ் என்று போட்டார். கெம்பேரின் மிகச் சிறந்த வேலையான போர்க்கியே-போ முத்திரையும் பி.பி.தான். எக்ஸைக் கவனிக்காமல் வாங்கிய நம் மாணவர் ஒருவர் "ஏமாந்துட்டேன் டீச்சர்" என்று புலம்பினார். தட்டை நான் பார்த்தேன், அருமையான வேலை. மாலிகோர்ன் தட்டுகளைத் தேடிச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

சரி, எதைப் பார்ப்பது? முதலில் இது பீங்கான் இல்லை, சுட்ட மண். ஒருமுறை சுட்டு, வெள்ளீயம் கலந்த வெள்ளைப் பூச்சில் முக்கி, அது காய்ந்து மாவு போல் இருக்கும்போதே வண்ணம் தீட்டி, மறுபடி சுடுவார்கள். தூரிகை பட்ட உடனே வண்ணத்தை உறிஞ்சிக்கொள்ளும், அழிக்கவே முடியாது. அதனால் ஓர் இலை என்றால் ஒரே அழுத்து: அழுத்திய இடம் பருமன், எடுத்த இடம் மெலிவு. நம் அம்மாக்கள் வாசலில் கம்பி இழுக்கும்போது இருக்கும் அதே துணிச்சல். விளிம்பில் ஓடும் நீலக் கோட்டைச் சுற்றிப் பாருங்கள், தொடங்கியதும் முடிந்ததும் சேரும் இடத்தில் வண்ணம் சற்றுத் தடித்திருக்கும். பூதக்கண்ணாடியில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சு. ஒரே செட்டில் இரண்டு தட்டை அருகருகே வையுங்கள். தொப்பிக்காரரின் மூக்கு இரண்டிலும் அப்படியே இருந்தால் சந்தேகப்படுங்கள். விளிம்பில் சிறு உடைசல் இருந்தால் பயப்பட வேண்டாம், இந்த மண்ணுக்கு அது சகஜம். உடைந்த இடத்தில் தெரியும் மண் நிறமே ஒரு சாட்சி.

விலையா? தொப்பிக்காரரும் வெள்ளைத் தலையணிப் பெண்ணும் நிற்கும் சாதாரணத் தட்டு சில பத்து யூரோதான், லட்சக் கனவு வேண்டாம். 1863இல் கெம்பேருக்கு ரயில் வந்தது, பின்னாலேயே சுற்றுலாக்காரர்கள் வந்தார்கள், அவர்களுக்காக ஆயிரக்கணக்கில் எழுதித் தள்ளிய படம் அது. எழுதியவர்களில் எத்தனையோ பேர் பெண்கள். அடியில் இருப்பது முதலாளியின் எழுத்து. தீட்டியவளின் கை முன்பக்கத்தில்தான் இருக்கிறது. அதைப் பார்க்காமல் விலை பேசுகிறீர்களே!

இனிமேல் முகத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், ஜன்னல் வெளிச்சத்தில், சாய்த்துப் பிடித்து. அப்புறம் ஒன்று, பழைய தட்டில் ரசமோ புளிக்குழம்போ ஊற்றித் தொலைக்காதீர்கள். அந்தப் பூச்சில் ஈயம் இருக்கும்.