எண்ணெய் குடிக்கும் பழைய காடி

சம்பளத்துக்கு மறுநாள் எண்ணெய் நிலையத்தில் வரிசையாக நிற்கும் நம்மவர்களைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்பேன். உங்கள் காடி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது? "ஐம்பது வெள்ளிக்கு ஊத்தினா அஞ்சு நாளைக்கு வரும்ணே" என்பதுதான் பதில். இது கணக்கு அல்ல, தோழர்களே. செம்பனைக் குலையை எண்ணாமல் லாரியில் ஏற்றினால் பேசாமல் இருப்போமா? மண்டோரிடம் சண்டைக்கு நிற்போம். நம் பணத்தை எரிக்கும் காடியிடம் மட்டும் கணக்குக் கேட்பதில்லை.

எங்கள் கிளை நண்பர் ஒருவர் இருக்கிறார். அவர் பிறந்த தோட்டம் கைமாறி, லயங்கள் இடிக்கப்பட்டு, பட்டணத்து மலிவு வீட்டுக்குக் குடிபோனவர். இன்று வேலைக்கு வேறொரு செம்பனைத் தோட்டத்துக்குப் போய்வர 40 கிலோமீட்டர். விடியற்காலைப் பெரட்டுக்குப் பேருந்து கிடையாது. ஆகவே 1990களில் வந்த புரோட்டோன் ஈஸ்வரா ஒன்றை வைத்து ஓட்டுகிறார். அது ஆடம்பரமல்ல, முன்பு காலால் நடந்துபோன வேலைக்கு இப்போது எண்ணெய் செலவழித்துப் போகிறார், அவ்வளவுதான்.

காடி எண்ணெய் அதிகம் குடிக்கிறது என்று பட்டறைக்குப் போனார். போர்மன் பானெட்டைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கார்புரேட்டர் போச்சு" என்றாராம். சீட்டுப் பணத்தை எடுத்து 350 வெள்ளி கொடுத்து மாற்றினார். எண்ணெய்ச் செலவு ஒரு காசு குறையவில்லை. அப்புறம்தான் என்னிடம் வந்தார்.

நான் போர்மன் அல்ல. ஆனால் பழைய காடியோடு தோட்டம் தோட்டமாக அலைந்தவன். முதலில் அளந்து பார்ப்போம் என்றேன். பம்ப் தானாக நிற்கும் வரை டாங்கியை நிரப்பி, மீட்டரைக் குறித்துக் கொண்டோம். ஒரு வாரம் ஓட்டி, அதே நிலையத்தில், அதே பம்பில் மறுபடி நிரப்பினோம். 248 கிலோமீட்டருக்கு 31 லிட்டர். லிட்டருக்கு 8. அந்த 1.3 இஞ்சின் ஒழுங்காக இருந்தால் 12 ஆவது தரவேண்டும் என்பது என் அனுபவம்.

கொஞ்ச தூரம் ஓட்டி, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் நிறுத்தினோம். ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டு போகச் சொன்னேன் (தொடக் கூடாது, சுட்டுவிடும்). இடது பின் சக்கரத்தில் மட்டும் அடுப்பு மாதிரி அனல். கைப்பிரேக் கம்பி துருப்பிடித்து, இறக்கிவிட்ட பிறகும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஆறு மாதமாகக் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு ஓடியிருக்கிறது காடி! ஏர் பில்டரைக் கழற்றினால் தோட்டத்துச் செம்மண் அப்பிக் கிடந்தது. டயரில் காற்றும் குறைவு. கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவுப்படி டயர் சூடாகுமுன் அடிக்க வேண்டும். எல்லாம் சரி செய்ய 100 வெள்ளிகூட ஆகவில்லை. மறுபடி அளந்தோம். 12 வந்தது.

இது அவர் காடிக்கு. உங்கள் காடிக்கு வேறாக இருக்கலாம். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை பால் கலந்த காப்பி நிறமாக இருந்தால் நல்லது. கரி பிடித்துக் கருப்பாக இருந்தால் எண்ணெய் அதிகமாகப் போகிறது. சோக் முழுதாகத் திறக்கவில்லையா, பில்டர் அடைப்பா என்று பார்க்க வேண்டும். காலையில் நிறுத்திய இடத்தில் எண்ணெய் வாடை வந்தால் கசிவு. அதை மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இஞ்சின் சூடானால் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறியும் பழக்கம் நம் நாட்டுப் பட்டறைகளில் வேரூன்றிப் போய்விட்டது. "நம்ம ஊரு வெயிலுக்கு எதுக்கு?" என்பார்கள். அது தவறு. இஞ்சின் சரியான சூட்டுக்கு வந்தால்தான் எண்ணெய் முழுமையாக எரியும். இஞ்செக்ஷன் காடியானால், இஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்துக் கூடுதல் எண்ணெயை ஊற்றிக்கொண்டே இருக்கும். சூடாவதற்குக் காரணம் ரேடியேட்டரா, விசிறியா, தண்ணீர்ப் பம்பா என்று தேடாமல், நல்ல உறுப்பைக் கழற்றுவது என்ன வைத்தியம்?

மாதம் 26 நாள் வேலை என்றால் 1,040 கிலோமீட்டர். 8 என்றால் 130 லிட்டர், 12 என்றால் 87 லிட்டர். வித்தியாசம் 43 லிட்டர். 2025 செப்டம்பர் 30-ஆம் நாள் குடிமக்கள் எல்லாருக்கும் கிடைத்த பூடி 95 விலை லிட்டர் 1 வெள்ளி 99 காசு. அந்தக் கணக்கில் மாதம் 85 வெள்ளிக்கு மேல் நண்பரின் கையில் நிற்கிறது. சலுகை இல்லாதவர்களுக்கு அன்று 2 வெள்ளி 60 காசு. இந்த மண்ணிலேயே பிறந்து, சிவப்பு அடையாளக் கார்டோடு காலம் தள்ளும் நம் பெரியவர்கள் அந்த விலைதான் கொடுத்தார்கள். அவர்கள் வீட்டுப் பழைய காடி குடிக்கும் ஒவ்வொரு லிட்டரும் இரட்டைத் தண்டனை.

"பழசைத் தள்ளிட்டுப் புதுசு எடுங்க தம்பி" என்று விற்பனைக்காரர் வருவார். 85 வெள்ளி மிச்சம் பிடிக்க, ஒன்பது வருஷத் தவணையில் மாதா மாதம் ஐநூறு, அறுநூறு கட்டுவதா? என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

அதே சமயம் எல்லாப் பழியையும் காடி மேலும் போர்மன் மேலும் போட்டுவிட்டு நிர்வாகம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. குலை லாரி போகும் பாதைக்குக் கல் கொட்டுகிறார்கள். தொழிலாளி வரும் பாதையில் முதல் கியரும் இரண்டாம் கியருமாக உருட்டிக்கொண்டு போகிறோம். எந்தக் காடிதான் மிச்சம் பிடிக்கும்? குடியிருப்பை எடுத்துவிட்ட நிர்வாகம் போக்குவரத்துப் படி தரட்டும் என்று பேச நமக்கு எண்கள் வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பழைய நோட்டு ஒன்றைக் காடியில் வையுங்கள். தேதி, மீட்டர், லிட்டர், வெள்ளி. மூன்று மாதம் எழுதிக் கிளைக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். உங்கள் கையெழுத்தைத்தான் பேச்சுவார்த்தை மேசையில் வைக்கப் போகிறோம்.

பட்டறையில் எதை மாற்றினாலும் பழைய உறுப்பைக் கையோடு கேட்டு வாங்குங்கள். நம் நண்பர் தன்னுடைய கார்புரேட்டரைக் கேட்டுப் போனார். இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்களாம்.