பொது நிலத்தில் இன்னொரு காலனியா?

அரியூரில் நேற்றுவரை கரும்பு நின்ற கொல்லைகளில் இன்று மனை விற்பனைக் கொடி பறக்கிறது. அந்தக் கரும்பை வெட்டிய எங்கள் காலனியில் ஒரு வீட்டுக்குள் மூன்று குடும்பம். அம்மா பெயரில் இருக்கும் ஒரே மனையில் அண்ணன், நான், தம்பி மூவரும் தடுப்பு வைத்துக் குடியிருக்கிறோம்.

பிரதமர் வீட்டுவசதித் திட்டம் 2015இல் வந்தது. தானே வீடு கட்டிக்கொள்பவருக்கு அதில் ஒன்றிய அரசு 1.5 லட்சம் ரூபாய் தந்தது. ஆனால் மனை சொந்தமாக இருக்க வேண்டும். மனுவோடு போன என் தம்பியிடம் கேட்ட முதல் கேள்வியே "பட்டா எங்கே?" என்பதுதான். தலைமுறைகளாக நிலம் மறுக்கப்பட்டவனிடம் பட்டா கேட்கும் திட்டம் யாருக்கானது?

செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையால் 1892இல் சென்னை மாகாணத்தில் பஞ்சமி நில ஆணை வந்தது. பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்கள் பக்கம் அதுவும் செல்லாது. ஆணை இருந்த பக்கத்திலும் நிலம் பறிபோனது. அதை மீட்கக் கிளம்பிய காரணைப் போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் 1994இல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள்.

எனவே அரசு நிலத்தில் அரசே வீடு கட்டித் தர வேண்டும். கேட்டால், "ஊருக்கு வெளியே புறம்போக்கு இருக்கிறதா பார்க்கலாம்" என்கிறார்கள். அந்த "வெளியே"யில்தான் சாதி ஒளிந்திருக்கிறது. சென்னைக் குடிசைகளை இடித்துக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மக்களை அனுப்பியபோது வீடு கிடைத்தது. பிழைப்பும் பிள்ளைகளின் படிப்பும் சிதைந்தன.

"எங்கே கொடுத்தாலும் வாங்கிக்கொள்வோம்" என்று எங்கள் பெரியவர்களே சொல்கிறார்கள். அவர்கள் வலி புரிகிறது. ஆனால் அப்படி வாங்கிய பள்ளத்தில்தான் ஒவ்வொரு ஐப்பசியிலும் முழங்கால் தண்ணீரில் நிற்கிறோம்.

கலந்து வாழ வைக்க முடியாதா? 1997இல் தொடங்கிய சமத்துவபுரத்தில் 100 வீடுகளில் 40 தலித்துகளுக்கு, 60 மற்றவர்களுக்கு. அதற்கு வெளியே ஊரும் சேரியும் இருந்தபடியே இருந்தன என்பது அதன் குறை, யோசனை சரியானது. சிங்கப்பூரில் சுமார் 80 விழுக்காட்டினர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீடுகளில் வாழ்கிறார்கள். ஒரே இனம் ஒரே கட்டடத்தில் குவியாதபடி 1989 முதல் அங்கே விதி இருக்கிறது.

இங்கே யாரிடம் கேட்பது? புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2006இல். 2011க்குப் பிறகு கொம்யூன் பஞ்சாயத்தில் நாங்கள் தேர்ந்தெடுத்தவர் எவருமில்லை. பொது நிலம் எங்கே, எவ்வளவு, யார் கையில் என்று அதிகாரிகளுக்கு மட்டுமே தெரியும்.

அந்தப் பட்டியலைக் கொம்யூன் அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். பேருந்து நிற்கும் இடத்தில், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் கட்டுங்கள். எந்தச் சாதி ஏழையானாலும் குலுக்கலில் கதவெண் கொடுங்கள். பத்திரம் பெண்கள் பெயரில் இருக்கட்டும். முதலில் தேர்தலை நடத்துங்கள். இடத்தை நாங்களே காட்டுகிறோம்.