மரகதவல்லியின் மணக்கோலம்

மதுரை சித்திரைப் பெருவிழாவில் 8-ஆம் நாள் அன்னை மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம் நடைபெறுகிறது. 9-ஆம் நாள் அன்னை திக்விஜயம் புறப்படுகிறாள். அதற்கு மறுநாள்தான் திருக்கல்யாணம். அந்த மங்கல வேளையில் மதுரையிலும் சுற்றுப்புற ஊர்களிலும் சுமங்கலிகள் தங்கள் திருமாங்கல்யக் கயிற்றை மாற்றிப் புதுக்கயிறு அணிகின்றனர். தங்கள் வீட்டுப் பெண்களுக்கும் அன்னையைப் போலவே மணக்கோலம் வாய்க்க வேண்டும் என்பது முதியோரின் பிரார்த்தனை.

இலட்சக்கணக்கானோர் காணக் காத்திருக்கும் அந்த மணமகளின் திருமேனி நிறம் பச்சை. மரகதவல்லி என்பதும் சியாமளை என்பதும் அவளுடைய திருநாமங்கள். அன்னையைத் தாரை வார்த்துத் தரும் திருமாலும் நீலமேக வண்ணன். ஆயினும் அச்சந்நிதியில் கைகூப்பி நின்றுவிட்டு இல்லம் திரும்பும் குடும்பங்களிலேயே, பெண்ணுக்கு முகூர்த்தம் குறித்தவுடன் முதலில் எழும் பேச்சு நிறத்தைப் பற்றியதாக இருக்கிறது. “முகூர்த்தத்துக்குள் முகம் கொஞ்சம் வெளுத்துவிட்டால் நன்றாயிருக்கும்” என்று உறவினர் ஒருவர் சொல்லிவிடுகிறார். சொன்னவர் அதை அன்றே மறந்துவிடக்கூடும். கேட்ட பெண் மறப்பதில்லை.

இத்தகைய கவலை பாண்டியன் அரண்மனைக்கும் வந்ததுண்டு என்கிறது திருவிளையாடற் புராணம். மகப்பேறு வேண்டி மலயத்துவச பாண்டியனும் காஞ்சனமாலையும் செய்த வேள்வித் தீயிலிருந்து மூன்று வயதுப் பெண் குழந்தையாக அன்னை தோன்றினாள். அக்குழந்தைக்கு மூன்று தனங்கள் இருக்கக் கண்ட மன்னன், உலகோர் நகைப்பரே என்று மனம் வருந்தினான். அப்போது அசரீரி எழுந்தது. தடாதகை எனப் பெயரிட்டு, மைந்தருக்குரிய சடங்குகளையெல்லாம் இவளுக்குச் செய்து முடிசூட்டுக, இவளுக்குரிய நாயகன் வரும்போது ஒரு தனம் மறையும் என்று அது அறிவித்தது. மன்னன் அவ்வாறே செய்தான். குறை என்று எண்ணியதை நீக்க மருந்து தேடவில்லை. கலைகளும் படைக்கலப் பயிற்சியும் அளித்தான். முடிசூடிய தடாதகை எண்திசையும் வென்று கயிலையில் இறைவனைக் கண்டபோது அந்தக் கவலை தானே அகன்றது. பட்டாபிஷேகமும் திக்விஜயமும் முடிந்த பின்னரே திருக்கல்யாணம் என்னும் விழாவின் வரிசை, பெண்ணைப் பெற்றோருக்கும் அவர்களைப் பெற்ற முதியோருக்கும் ஆண்டுதோறும் இதைத்தான் உணர்த்துகிறது.

இன்று நிறத்தைப் பற்றிய பேச்சு பேச்சோடு நிற்பதில்லை. மணநாளுக்குச் சில வாரங்களே இருக்கையில் முகத்தை வெளுக்கச் செய்யும் களிம்புகள் வீட்டுக்குள் வந்துவிடுகின்றன. தயாரித்தவர் பெயரோ சேர்க்கைப் பொருள்களின் பட்டியலோ இல்லாத சில களிம்புகளில் பாதரசம் கலந்திருக்கிறது. பாதரசம் தோலில் கருமை உண்டாவதைத் தடுப்பதால் சில நாட்களிலேயே முகம் வெளுத்ததுபோல் தோன்றும். அதே பாதரசம் தோல் வழியே குருதியில் கலந்து சிறுநீரகத்தைச் சென்றடைகிறது. 2023-ஆம் ஆண்டு கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், சிறுநீரில் புரதம் வெளியேறும் நோயோடு வந்த சிலரை ஆராய்ந்த மருத்துவர்கள், இத்தகைய களிம்புகளே காரணம் என்று கண்டனர். கணுக்கால் வீக்கமும் சிறுநீரில் மிகுந்த நுரையும் இந்நோயின் அறிகுறிகள்.

வேறு சில களிம்புகளில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கும். பூசிய சில நாட்களில் முகம் பளபளக்கும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து சிவக்கும், பருக்கள் தோன்றும், முகத்தில் உரோமம் வளரும். நிறுத்தினால் முன்பிருந்ததைக் காட்டிலும் மோசமாகும். இத்தகைய பல களிம்புகளை மருத்துவர் சீட்டு இன்றி விற்கலாகாது என்று மத்திய அரசு 2018-இல் ஆணையிட்டது. ஆகவே பக்கத்து வீட்டார் சொன்னார்கள், அழகு நிலையத்தில் தந்தார்கள் என்று வரும் களிம்பைப் பெரியோர் ஒருமுறை கையில் வாங்கிப் பார்ப்பது நல்லது. சேர்க்கைப் பொருள்களின் பட்டியல் இல்லையென்றால் அது பெண்ணின் முகத்துக்கு உரியதன்று.

முகம் வெளுத்திருப்பது சில வேளைகளில் நோயின் அடையாளமாகவும் இருக்கும். 2019-21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை உள்ளது. கீழ் இமையின் உட்புறம் வெளிறியிருத்தல், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குதல், எப்போதும் களைப்பு, மிகுதியாக முடி உதிர்தல் ஆகியவை இதனால் நேரக்கூடியவை. மணப்பெண்ணுக்கு வேண்டிய முகப்பொலிவு இங்கேதான் தொடங்குகிறது. குருதியின் சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்பவை. ஆதலால் நிச்சயதார்த்தம் முடிந்தவுடனே, முகூர்த்தத்துக்கு மூன்று மாதங்கள் இருக்கும்போதே, ஒரு இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது பயன் தரும். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரையோடு, முருங்கைக்கீரையும் கேழ்வரகும் எள்ளுருண்டையும் உணவில் இடம்பெறலாம். உடன் நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும். சாப்பிட்டவுடன் காபியும் தேநீரும் அருந்தினால் அது தடைப்படும். இளைக்க வேண்டும் என்று பெண் பட்டினி கிடந்தால், அதைத் தடுக்கும் உரிமை பாட்டிக்கு உண்டு.

நலங்கு என்னும் சடங்கை முன்னோர் அமைத்ததிலும் ஒரு நயம் உண்டு. பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, உலர்ந்த ரோஜா இதழ் ஆகியவற்றை அரைத்த நலங்கு மாவு அழுக்கை அகற்றி மணம் தரும். நிறத்தை மாற்றுவது அதன் வேலையன்று. பொருள்களை முழுதாக வாங்கி, வெயிலில் காயவைத்து வீட்டிலோ மாவு மில்லிலோ அரைத்துக்கொள்வது கலப்படத்தைத் தவிர்க்கும். கஸ்தூரி மஞ்சள் என்று கடைகளில் வெட்டிக் காயவைத்து விற்கப்படுவது பலவேளைகளில் கிச்சிலிக்கிழங்காக இருப்பதால், அறிந்தவரிடம் வாங்குவதே சிறந்தது. இயற்கைப் பொருளும் சிலருக்கு ஒவ்வாமல் போகலாம். முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி, இரண்டு நாட்கள் அரிப்போ தடிப்போ வரவில்லை என்று கண்ட பின்னரே முகத்துக்குப் பயன்படுத்த வேண்டும். முகூர்த்தத்துக்கு முந்தைய வாரத்தில் புதிதாக எதையும் பூசாதிருப்பது அறிவுடைமை.

மருதாணிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். இலையை அரைத்து இட்டால் முதலில் ஆரஞ்சு நிறமாகப் பிடித்து, ஓரிரு நாட்களில் செம்மை ஆழமாகும். ஆகவே முகூர்த்தத்துக்கு இரண்டு நாட்கள் முன்னதாக இடுவது பொருத்தம். ஒரு மணி நேரத்தில் கருநிறமாகப் பிடிக்கும் கருப்பு மருதாணியில் பெரும்பாலும் தலைமுடிச் சாயத்துக்கான ரசாயனம் கலந்திருக்கும். அது சிலருக்குக் கையைக் கொப்புளிக்கச் செய்து தழும்பையும் விட்டுவிடும்.

விடியற்காலை முகூர்த்தமென்றால் அலங்காரத்துக்காகப் பெண்ணை நள்ளிரவிலேயே எழுப்பிவிடும் வழக்கம் பெருகியிருக்கிறது. முந்தைய இரவு வரவேற்பில் நெடுநேரம் நின்றவள் அவள். ஆறு மணி நேர உறக்கமாவது அவளுக்கு வாய்க்கும்படி நிகழ்ச்சிகளை அமைப்பது வீட்டுப் பெரியோரின் கையில் இருக்கிறது. மங்கல ஸ்நானத்துக்குப் பின் குடும்ப வழக்கம் இடம் தருமானால் பாலும் பழமும் கொடுத்துவிட்டு மணவறைக்கு அனுப்பலாம். வெறும் வயிற்றோடு ஹோமப் புகையில் அமர்ந்து மயங்கி விழுந்த மணப்பெண்கள் உண்டு. கூந்தலைப் படியவைக்கத் தெளிக்கும் ஸ்பிரே எளிதில் தீப்பற்றுவது. செயற்கை இழைச் சவுரியும் அத்தகையதே. அக்கினியை வலம் வரவேண்டிய பெண்ணுக்கு மல்லிகையும் தாழம்பூவும் சூடிய சடையே பாதுகாப்பு. மயிலாடுதுறையின் கூறைநாட்டில் பட்டும் பருத்தியும் கலந்து நெய்யப்பட்ட கட்டமிட்ட கூறைப்புடவையே ஒருகாலத்தில் பல குடும்பங்களின் முகூர்த்தப் புடவையாக இருந்தது. ஹோமத்தின் வெம்மையில் அது உடலை வருத்தாது.

இத்தனைக்கும் மேலாக மணப்பெண்ணுக்கு வேண்டியது ஒன்று உண்டு. அதைக் கடையில் வாங்க இயலாது. தன் வீட்டார் தன்னை உள்ளபடியே விரும்புகின்றனர் என்ற உறுதி அது. பேரனுக்குப் பெண் பார்க்கச் செல்லும் பாட்டனார் நிறத்தைப் பற்றிக் கேட்காதிருந்தால், அவ்வீட்டில் வேறெவரும் கேட்கத் துணியார். பேத்தியின் எதிரில் எவரேனும் நிறத்தைக் குறைசொன்னால், “எங்கள் வீட்டு மரகதவல்லி இவள்” என்று பாட்டி ஒரு சொல் சொன்னால் போதும். நலங்கு வைக்கும் நாளில் அந்தச் சொல்லோடு சந்தனமும் குங்குமமும் இட்டு ஆசி கூறினால், மணவறைக்கு அந்தப் பெண் தலைநிமிர்ந்து செல்வாள். அன்னை மீனாட்சி அவளுக்குத் துணையிருப்பாளாக.