சோறா? பள்ளியா?

சென்ற தவக்காலத்தில் எங்கள் வகுப்பில் அகதிகளுக்காகப் பிடியரிசி சேர்த்தோம். மூட்டை நிறைந்தபோது எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போது ஒரு தோழி, "அரிசியோடு நோட்டுப் புத்தகமும் கொடுத்தால் என்ன?" என்று கேட்டாள். "உயிர் பிழைக்கவே வழியில்லாதவர்களுக்கு நோட்டு எதற்கடி?" என்று நாங்கள் சிரித்துவிட்டோம்.

அந்தக் கேள்வி இலக்கிய மன்றம் வரை போயிற்று. "அகதிகளுக்கு முதல் தேவை உணவா, கல்வியா?" என்று பட்டிமன்றம் நடந்தது. நடுவர் உணவு அணிக்கே தீர்ப்பளித்தார். நாங்களும் கைதட்டினோம். ஆனால் தோற்ற அணியினர் சொன்ன ஒரு பெண்ணின் வரலாறு எங்கள் மனத்தைவிட்டு அகலவில்லை. ஆதலால் தீர்ப்புக்கு எதிராக இன்று பேனா பிடிக்கிறோம்.

அவர் பெயர் மேரி மேக்கர். இன்றைய தெற்கு சூடான் நாட்டவர். அந்த மண்ணில் 1983 முதல் 2005 வரை உள்நாட்டுப் போர் ஓயவில்லை. சிறுமியாக இருந்தபோதே போருக்குத் தப்பி, அண்டை நாடான கென்யாவின் காக்குமா முகாமுக்கு வந்து சேர்ந்தார். வறண்ட துர்க்கானா பகுதியில் 1992-இல் அமைந்த முகாம் அது. அங்கே இருந்த பள்ளி அவருக்கு அடைக்கலமாயிற்று. படித்தார், படித்து முடித்து, அதே முகாமின் பிள்ளைகளுக்கு ஆசிரியையாக நின்றார். 2018-இல் அம்முகாமிலேயே மேடையேறி, அகதிப் பெண்பிள்ளைகளின் கல்விக்காக வாதாடினார். பின்னர் அமெரிக்காவில் கல்லூரிப் படிப்பும் படித்தார். காக்குமா இளைஞர்கள் பல்கலைக்கழகம் செல்ல உதவும் பணியிலும் இறங்கினார்.

இதில் வியப்பு என்ன என்று கேட்கலாம். தெற்கு சூடானில் மணப்பெண்ணுக்கு ஈடாக மாடுகள் கொடுப்பது வழக்கம். வறுமை முற்றிய வீட்டில் பெண்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதைவிட மணமுடித்துக் கொடுப்பதே லாபமாகத் தோன்றும். அப்படிப்பட்ட பெற்றோரின் கண்முன், தங்கள் இனத்துப் பெண் ஒருத்தி கையில் சுண்ணக்கட்டியோடு கரும்பலகையருகே நிற்கிறாள்! எந்தப் பிரசங்கமும் செய்யாத வேலையை அந்தக் காட்சி செய்துவிடாதா? ஒரு மூட்டை அரிசி சில நாளில் தீர்ந்துபோகும். ஓர் ஆசிரியை உருவானால் ஆண்டுதோறும் ஒரு வகுப்பே கரையேறும்.

ஆனால் இப்பாதையில் கரையேறுவோர் சிலரே. ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையம் 2019-இல் தந்த கணக்கைப் பாருங்கள். நூறு அகதிப் பிள்ளைகளில் தொடக்கப் பள்ளியில் 63 பேர்; உயர்நிலைப் பள்ளியில் 24 பேர்; கல்லூரியில் 3 பேர்! அதன்பின் கல்லூரிக் கணக்கு சற்று உயர்ந்திருக்கிறது. 2030-க்குள் அதை 15 ஆக்குவது ஆணையத்தின் குறிக்கோள்.

காக்குமாவில் பாடம் சொல்லும் அகதி ஆசிரியர்களுக்கு முழுச் சம்பளமும் இல்லை. ஊக்கத்தொகை என்ற பெயரில், கென்ய ஆசிரியர் பெறுவதைவிட மிகக் குறைந்த பணமே கிடைக்கிறது. வகுப்பிலோ நூறு பேருக்கு மேல்! ஒரே சுண்ணக்கட்டி, ஒரே பாடம், கூலி மட்டும் வேறு. இது நியாயமா?

தொலைதூரத்து ஆப்பிரிக்காவை மட்டும் சொல்வானேன்? 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து வந்த தமிழர் இங்கும் முகாம்களில் வாழ்கின்றனர். அவர்தம் பிள்ளைகள் நம் அரசுப் பள்ளிகளில் படித்துப் பட்டமும் பெறுகின்றனர். ஆயினும் குடியுரிமை இல்லாதோருக்கு அரசு வேலை எட்டாக்கனியே. 2021-இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. நல்ல செயல். ஆனால் படித்த படிப்புக்கு ஏற்ற வேலை கிடைத்தால்தானே அது மறுவாழ்வு?

"அப்படியானால் சோறு வேண்டாமா?" என்று உணவு அணித் தோழியர் மடக்குவர். வேண்டும், வேண்டும்! பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது. ஆனால் சோறும் பள்ளியும் ஒரே கூரையின்கீழ் இருக்கலாம் என்பதைத் தமிழ்நாட்டில் பிறந்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1956-இல் காமராசர் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோது, முதலில் சோறா, பள்ளியா என்று பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கவில்லை. இரண்டையும் சேர்த்தே கொடுத்தார். எங்கள் பட்டிமன்றத்தின் தலைப்பே தவறு என்பது இப்போதுதான் எங்களுக்குப் புரிகிறது.

அன்புள்ள பெற்றோரே, இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பொதுத்தேர்வோடு படிப்பை நிறுத்திவிடலாமா என்ற பேச்சு எங்களில் ஓரிருவர் வீட்டில் எழுந்திருக்கிறது. வீடு, ஊர், நாடு மூன்றையும் இழந்த பிள்ளை படித்து ஆசிரியையாக முடியுமானால், கூரையும் தாய்தந்தையரும் உள்ள எங்கள் தோழியர் ஏன் பாதியில் நிற்க வேண்டும்? கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்.

அடுத்த தவக்காலத்திலும் பிடியரிசி சேர்ப்போம். அதன் பக்கத்தில் நோட்டுப் புத்தகங்களும் இருக்கும். அன்று சிரித்ததற்காக அந்தத் தோழியிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டோம். முதல் நோட்டை வாங்கி வைக்கப்போவது தான்தான் என்கிறாள் அவள்!

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு