'யாரு பண்ணது?' - சாஃப்ட்வேர் டீம்கள் இந்தக் கேள்வியை ஏன் தள்ளிவைக்க வேண்டும்?

2017 ஜனவரி 31, இரவு 11 மணி வாக்கில் வேலையை முடித்துக்கொள்ள இருந்தார் கிட்லேப் நிறுவன இன்ஜினீயர் ஒருவர். டேட்டாபேஸில் திடீரென்று சிக்கல். சரி, பார்த்துவிட்டே போவோம் என்று உட்கார்ந்தார். துணை சர்வரில் இருக்கும் டேட்டாவை அழிப்பதாக நினைத்து ஒரு கமாண்ட் கொடுத்தார். ஓரிரு நொடியில் தூக்கிவாரிப் போட்டது. அது மெயின் சர்வர்! நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி காலி, மிஞ்சியது 4.5 ஜிபிதான்.

உலகம் முழுக்க டெவலப்பர்கள் தங்கள் கோடை வைத்து வேலை செய்யும் தளம் கிட்லேப். சுமார் 18 மணி நேரம் அது முடங்கியது. கோட் தப்பித்தது. ஆனால் 6 மணி நேரத்தில் பதிவான கமென்ட்டுகள், புதிய கணக்குகள் எல்லாம் போயே போச்சு.

பேக்கப் இருக்குமே என்கிறீர்களா? அங்கேதான் விஷயமே இருக்கிறது. ஐந்து வழிகளில் ஒன்றுகூட நம்பும்படி இல்லை. தினமும் ஓட வேண்டிய பேக்கப், சாஃப்ட்வேர் வெர்ஷன் பொருந்தாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. அதை எச்சரிக்கும் மெயில்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. பேக்கப்பைச் சோதித்துப் பார்ப்பது இன்னார் வேலை என்று யாருக்கும் ஒதுக்கப்படவும் இல்லை. கடைசியில் கைகொடுத்தது, 6 மணி நேரம் முன்பு வேறொரு வேலைக்காகக் கையால் எடுத்துவைத்த ஒரு நகல். அதை எடுத்தவர் யார்? அதே இன்ஜினீயர்தான்!

அவரை நிறுவனம் வேலையைவிட்டு அனுப்பவில்லை. மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகவே காட்டியது. பிறகு வெளியிட்ட அறிக்கையில் அவர் பெயர்கூட இல்லை. அவரைத் தூக்கியிருந்தால் பிரச்னை முடிந்துவிட்டதாக எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். பேக்கப் அப்படியே செத்துக் கிடந்திருக்கும்.

இது வெறும் பெருந்தன்மை இல்லை. 1990-களில் மருத்துவமனை நர்ஸ் குழுக்களை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், நன்றாகச் செயல்படும் குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருப்பதைப் பார்த்துக் குழம்பினார். அங்கே தவறு அதிகம் நடக்கவில்லை, பயமில்லாமல் சொன்னார்கள், அவ்வளவுதான் என்ற விளக்கத்துக்குப் பிறகு வந்து சேர்ந்தார்.

நம்ம ஓ.எம்.ஆர். ஆபீஸ்களிலும் புரொடக்‌ஷனில் ஏதாவது உடைந்தால் 'ஆர்.சி.ஏ.' எழுதத்தான் செய்கிறார்கள். ஆனால் கால் ஆரம்பித்ததும் வரும் முதல் கேள்வி 'யாரு பண்ணது?' என்றால், அடுத்த முறை ஜூனியர் என்ன செய்வார்? யாருக்கும் சொல்லாமல் தானே சரிசெய்யப் பார்ப்பார். ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டியது விடிய விடிய இழுக்கும். 'மனிதத் தவறு' என்று ஒரு வரியில் முடிக்கும் ஆர்.சி.ஏ., கிளையன்ட்டுக்கு அனுப்ப வேண்டுமானால் உதவும்.

அப்போ யாருக்குமே பொறுப்பு இல்லையா என்று மேனேஜர்கள் கேட்பது நியாயம். வேண்டுமென்றே செய்வதும், நடந்ததை மறைப்பதும் வேறு கணக்கு. தூக்கக் கலக்கத்தில் சர்வர் மாறிப்போனது அந்தக் கணக்கில் வராது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு கிட்லேப் போட்ட திருத்தப் பட்டியலில் ஒரு சின்ன வேலையும் இருந்தது: எந்த சர்வரில் இருக்கிறோம் என்பது பார்த்ததுமே தெரியும்படி திரையில் நிறத்தை மாற்றுவது. மெயினுக்குச் சிவப்பு, சோதனைக்கு மஞ்சள்.